மூன்றாவதாக ஒரு இன்ஹேலர் எழுதித் தந்திருக்கிறார், தொடங்கலாமா?

#1 இரவுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள். இன்று நானே எழுதும்படி ஆகிவிட்டது.

எனக்கு 44 வயது, 19 வருடமாக ஆஸ்துமா. புடசோனைடும் (ஸ்டீராய்டு) ஃபார்மோடெராலும் (நீண்டநேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) சேர்ந்த பவுடர் இன்ஹேலர் காலையில் 2, இரவில் 2 எடுக்கிறேன். அவசரத்துக்கு நீல இன்ஹேலர் இருக்கிறது. ஆனாலும் வாரத்தில் நாலு நாளாவது நீலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இரவு 3 மணிக்கு இருமலில் எழுந்து உட்காருவது பழகியே போய்விட்டது. போன 12 மாதத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை போட்டேன்.

இந்த முறை டாக்டர் டயோட்ரோபியம் என்று புதிதாக ஒன்றை எழுதினார். தினமும் ஒரே வேளை, 2 பஃப், இருப்பதோடு சேர்த்து. வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த சீட்டைப் படித்தால் முதல் வரியிலேயே சிஓபிடி என்று போட்டிருக்கிறது, புகைப்பவர்களுக்கு அதிகம் வரும் அந்த நாள்பட்ட மூச்சடைப்பு நோய். நான் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. எனக்கு சிஓபிடி வந்துவிட்டதா, அதைத்தான் நேரே சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்திருக்கிறாரா? ஒரு வாரமாகப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

#2 மூணுபம்பு

வணக்கம் தோழி. பயப்படாதீர்கள். நான் அந்த மருந்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். எனக்கும் சிஓபிடி கிடையாது, ஆஸ்துமாதான். தொடங்கும்போது இதே கேள்வியை டாக்டரிடம் சண்டை பிடிக்கிற மாதிரிக் கேட்டேன்.

என் அனுபவம்: முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வாய் மட்டும் காய்ந்தது, தண்ணீர் பாட்டிலோடு சுற்றினேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் மாடிப்படியில் நடுவில் நிற்பதை விட்டிருக்கிறேன் என்று உறைத்தது. பெரிய அதிசயம் எதுவும் இல்லை.

#3 மாத்திரைப்பெட்டி

மருந்தாளராக வேலை பார்க்கிறேன். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய.

டயோட்ரோபியம் முதலில் வந்தது சிஓபிடிக்குத்தான். 2002-ல் ஐரோப்பாவில், 2004-ல் அமெரிக்காவில். ஆஸ்துமாவுக்கு ஐரோப்பா 2014-லும் அமெரிக்கா 2015-லும் அனுமதி கொடுத்தன. 2017-ல் அமெரிக்கா அதை 6 வயதுக் குழந்தைகள் வரை இறக்கியது. ஆகவே சீட்டில் இரண்டு நோயும் இருக்கும், பழைய நோய் முதலில் வரும். உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைக்கு "இறுகு" என்ற உத்தரவு வேகஸ் நரம்பு வழியாக வருகிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து, எம்3 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் தசை இறுகும், சளியும் கூடும். டயோட்ரோபியம் அந்த இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். சீக்கிரத்தில் எழுந்தும் போகாது. அதனால்தான் தினம் ஒரு வேளை போதும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபார்மோடெரால் வேறு வாசல் வழியாகப் போய்த் தசையைத் தளர்த்துகிறது. வழி வேறு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு கிளைக்கதை. ஊமத்தை இலையைப் புகைத்து இளைப்பைத் தணிப்பது இந்தியாவில் பழைய வைத்தியம். 1800-களின் தொடக்கத்தில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. ஆனால் உடம்பு முழுக்கப் பரவி, அளவு கொஞ்சம் தவறினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். (யாரும் தோட்டத்துப் பக்கம் போய்விடாதீர்கள்!) அதே குடும்பத்து மருந்தை நுரையீரலோடு நிறுத்தப் பார்த்ததன் பலன்தான் இப்போதைய இன்ஹேலர்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் நாளைக்கு 2.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 5. இரண்டுமே 2 பஃப்தான், கருவியின் பலம் வேறு. கேப்ஸ்யூலைத் துளைத்து உறிஞ்சும் 18 மைக்ரோகிராம் பவுடர் வடிவமும் இருக்கிறது, அது சிஓபிடிக்கு. உங்கள் பெட்டியில் இருப்பது ரெஸ்பிமேட் என்ற மென்சாரல் கருவியா என்று பாருங்கள்.

#4 கணக்குப்புலி

மருந்தாளர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

2012-ல் வெளியான இரட்டை ஆய்வு இது. ஸ்டீராய்டும் நீண்டநேர விரிப்பானும் எடுத்தும் அடங்காத 912 பேர், 48 வாரம். டயோட்ரோபியம் சேர்த்தவர்களுக்கு முதல் கடும் தாக்குதல் வர 282 நாள், சேர்க்காதவர்களுக்கு 226 நாள். ஆபத்து 21% குறைவு என்று எழுதினார்கள். 21% என்றால் காதுக்குப் பெரிதாக இருக்கிறது, 56 நாள் என்றால் அவ்வளவு இல்லை. இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்.

2021-ல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 11,900 பேர். மூன்று மருந்து எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 23 பேருக்குக் கடும் தாக்குதல் வந்தது. இரண்டு மருந்தில் 27 பேருக்கு. அதாவது ஒருவருக்குப் பலன் கிடைக்க 20-லிருந்து 25 பேர் எடுக்க வேண்டும். ஊதும் அளவு கொஞ்சம் கூடுகிறது. அன்றாட அறிகுறி மதிப்பெண்ணில் வித்தியாசம் மிகச் சின்னது.

மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வருவது போல எதிர்பார்த்துப் போய், ஏமாந்து, நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன்.

#5 மூணுபம்பு

@கணக்குப்புலி, அந்த 4 பேரில் ஒருவனாக இருந்து பாருங்கள் அண்ணா. நெபுலைசர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தவனுக்குத் தெரியும் அந்த 4 எவ்வளவு பெரிய எண் என்று.

#6 கணக்குப்புலி

ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆஸ்துமா இல்லை, மனைவிக்கு. அவள் சொன்னதும் இதேதான், இன்னும் காரமாக.

#7 ஊதுங்க_ஊதுங்க

பேரைப் பார்த்தே தெரிந்திருக்கும், ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை, எடுக்கும் டெக்னீஷியன். நாள் முழுக்க "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று கத்துவதுதான் என் பிழைப்பு.

எல்லோரும் மூன்றாவது இன்ஹேலரைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதல் இன்ஹேலர் உள்ளே போகிறதா என்று யாராவது கேட்டீர்களா?

@இரவுப்பறவை, அந்தப் பவுடர் இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள்? மெதுவாகவா, வேகமாகவா? இழுப்பதற்கு முன் மூச்சை முழுக்க வெளியே விடுகிறீர்களா? அப்படி விடும்போது இன்ஹேலர் வாயில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? மருந்து எத்தனை நாளில் தீர்கிறது? மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் உண்டா? வலிமாத்திரை போட்டால் இளைப்பு கூடுகிறதா? ரத்த அழுத்தத்துக்கோ கண்ணுக்கோ பீட்டா பிளாக்கர் போகிறதா? கண் சொட்டு மருந்தாக இருந்தாலும் கணக்குதான், டிமோலால் சொட்டிலேயே இளைப்பு வந்தவர்கள் உண்டு.

சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவும் இதையே சொல்கிறது. மருந்தைக் கூட்டுவதற்கு முன் கருவி பிடிக்கும் முறை, விடாமல் எடுக்கிறார்களா என்பது, கூடவே இருக்கும் மற்ற தொந்தரவுகள், இவற்றைப் பார்த்துவிட்டு வா என்கிறது. பார்க்கிறார்களா என்றால், வரிசையில் 60 பேர் காத்திருக்கும் அறையில் எவ்வளவுதான் பார்ப்பார்கள்.

#8 நீலம்மட்டும்

இவ்வளவு குழப்பம் எதற்கு? இளைத்தால் நீல பம்பு இரண்டு அடி, வேலை முடிந்தது. 15 வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். இந்த நீண்டநேர மருந்துகள்தான் ஆளைக் கொல்கின்றன. அமெரிக்காவில் ஆய்வே நடந்திருக்கிறது, செத்தவர்கள் கணக்கு இருக்கிறது.

#9 மாத்திரைப்பெட்டி

@நீலம்மட்டும், நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மை. பாதிதான் சொல்கிறீர்கள்.

அது சால்மெட்டரால் என்ற நீண்டநேர விரிப்பானைப் பற்றியது, 26,355 பேர், 2006-ல் வெளியானது. ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டரால் பக்கம் 13, வெற்று மருந்துப் பக்கம் 3. ஆனால் அதில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்காதவர்கள். அமெரிக்கா கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது, மருந்துச் சீட்டில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை அது. அப்புறம் ஸ்டீராய்டோடு சேர்த்துப் பெரிய ஆய்வுகள் செய்தார்கள், ஆபத்து கூடவில்லை. 2017 டிசம்பரில் ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர்களிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்டீராய்டு இல்லாமல் விரிப்பானை மட்டும் எடுத்தால் மேலே குழாய் திறந்திருக்கும், உள்ளே வீக்கம் எரிந்துகொண்டே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

அதே ஆபத்து நீல பம்புக்கும் உண்டு. 2019-லிருந்து ஜினா நீலத்தை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டாதே என்கிறது. 200 டோஸ் உள்ள நீல கேனிஸ்டர் வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் தாக்குதல் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிராபத்தே கூடுகிறது. உங்களுக்கு எத்தனை தீர்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டயோட்ரோபியத்துக்கும் இந்த விதி பொருந்தும். அதை வாங்கியதும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, இது அதோடு கூட வரும் மருந்துதான். மூச்சு முட்டும்போது எடுக்கிற மருந்தும் அல்ல. அவசரத்துக்கு உங்கள் நிவாரண இன்ஹேலர்தான்.

#10 நீலம்மட்டும்

எண்ணினேன். 9.

#11 மூணுபம்பு

அண்ணா, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

#12 இரவுப்பறவை

எல்லோருக்கும் நன்றி. @ஊதுங்க_ஊதுங்க கேட்ட கேள்விகளுக்கு உட்கார்ந்து நேர்மையாகப் பதில் தேடினேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இன்ஹேலரில் 120 டோஸ். நாளைக்கு 4 என்றால் 30 நாளில் தீர வேண்டும். கடைசியாக வாங்கியது 43 நாள் வந்திருக்கிறது. இரவு டோஸை அவ்வளவு விட்டிருக்கிறேன், நான் தினமும் எடுப்பதாகத்தான் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இழுக்கும் விதம். பல வருடம் முன்பு எனக்கு முதலில் கொடுத்தது அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலர். அதற்கு "மெதுவாக, ஆழமாக இழுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பவுடருக்கு மாற்றியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அதையும் பூப்போல மெதுவாகத்தான் இழுத்துவருகிறேன். மூக்கடைப்பு வருடம் முழுக்க உண்டு, அதை ஒரு வியாதியாகவே நினைத்ததில்லை.

#13 ஊதுங்க_ஊதுங்க

வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை, சொல்லித் தராமல் கையில் திணித்து அனுப்பியவர்கள்.

பவுடர் தானாகப் பறக்காது. உங்கள் மூச்சின் வேகம்தான் அதை உடைத்துத் தூளாக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். மெதுவாக இழுத்தால் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். முதல் நொடியிலிருந்தே வேகமாக, பலமாக, ஆழமாக இழுங்கள். இன்ஹேலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சை வெளியே விடுங்கள், உள்ளே ஊதினால் பவுடர் ஈரமாகிவிடும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு எழுதிய புதுக் கருவி இதற்கு நேர் எதிர். ரெஸ்பிமேட்டில் வாயுவும் இல்லை, பவுடரும் இல்லை. ஸ்பிரிங் விசையில் மருந்து மெல்லிய சாரலாக ஒன்றரை நொடி போல வருகிறது. அதை மெதுவாக, நீளமாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். அடிப்பாகத்தைக் கிளிக் சத்தம் வரும்வரை அரைச் சுற்றுத் திருப்பு, மூடியைத் திற, உதட்டை மூடிப் பொத்தானை அழுத்து. பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளைகளை உதட்டாலோ விரலாலோ அடைக்காதீர்கள். கண்ணில் படவிடாதீர்கள். புதுக் கருவியில் சாரல் கண்ணுக்குத் தெரியும்வரை வெளியே அடித்து, அதற்குமேல் இன்னும் மூன்று அடித்துத் தயார் செய்ய வேண்டும். மூன்று நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் ஒரு முறை வெளியே அடித்துவிட்டு எடுக்கணும்.

ஒரே பையில் "வேகமாக" ஒன்று, "மெதுவாக" ஒன்று. மூன்றாவது மருந்து சேர்ப்பதில் எனக்கு இருக்கும் பெரிய பயமே இந்தக் குழப்பம்தான், மருந்து இல்லை. இரண்டு கருவியிலும் சீட்டு ஒட்டிவையுங்கள்.

#14 அப்பாவின்மகன்

இடையில் ஒரு கேள்வி. அப்பாவுக்கு 71 வயது, ஆஸ்துமா. அவருக்கும் இதே மருந்து சொல்கிறார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார். பக்க விளைவில் சிறுநீர் என்று ஏதோ போட்டிருக்கிறதே?

#15 மாத்திரைப்பெட்டி

நல்லவேளை கேட்டீர்கள். அசிட்டைல்கோலினை அடைக்கும் எந்த மருந்தும் சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் சோம்பலாக்கும். புராஸ்டேட் பெரிதாக இருப்பவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கட்டாயம் கூடாது என்றில்லை, எச்சரிக்கையாகக் கொடுப்பார்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமே புராஸ்டேட்டாக இருக்கட்டும். தொடங்கிய பிறகு போக முடியாமல் முக்கினாலோ ஒழுக்கு மெலிந்தாலோ உடனே தெரிவியுங்கள். குறுங்கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண் வலி, மங்கல், விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, இதெல்லாம் வந்தால் அன்றே கண் மருத்துவர். மற்றபடி வாய் உலர்வு, சிலருக்கு மலச்சிக்கல்.

#16 குட்டியம்மா

என் பையனுக்கு 8 வயது. 6 வயதிலிருந்து தரலாம் என்று படித்தேன். ஆஸ்துமாவுக்கு மாண்டிலூகாஸ்ட் மாத்திரை கொடுத்தால் ராத்திரி அலறி எழுகிறான். இதற்கு மாற்றிவிடலாமா?

#17 ஊதுங்க_ஊதுங்க

நீங்களாக மாற்ற வேண்டாம் அம்மா. ஆனால் அந்த அலறலைக் குழந்தை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரை வைக்காதீர்கள். மாண்டிலூகாஸ்டில் கெட்ட கனவு, மனநிலை மாற்றம் எல்லாம் வரலாம் என்று 2020-ல் அமெரிக்கா கறுப்புக் கட்டமே போட்டது. அதற்குப் பதில் என்ன என்பதை அவர் சொல்லட்டும்.

#18 கணக்குப்புலி

மூன்றும் ஒரே இன்ஹேலரில் வருகிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையா? ஃப்ளூட்டிகசோன் (ஸ்டீராய்டு), உமெக்ளிடினியம் (டயோட்ரோபியம் வகை), விலான்டெரால் (நீண்டநேர விரிப்பான்) சேர்ந்ததை 2020-ல் பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். தினம் ஒரே இழுப்பு. #13-ல் சொன்ன வேகம்-மெது குழப்பம் அதில் போய்விடும்.

அதன் ஆய்விலிருந்து எனக்குப் பிடித்த ஒரு விஷயம். ரத்தத்தில் இயோசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளணு) அதிகம் உள்ளவர்களுக்குத் தாக்குதலைக் குறைத்தது பெரும்பாலும் ஸ்டீராய்டு அளவைக் கூட்டியதுதான். மூன்றாவது மருந்து ஊதும் திறனைக் கூட்டியது. ஆகவே ரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணைப் பார்க்காமல் மூன்றாவதைச் சேர்ப்பது பாதி வேலைதான். எண் கூடுதலாக இருந்து, எல்லாம் சரியாக எடுத்தும் தாக்குதல் வந்துகொண்டே இருந்தால் மெபோலிசுமாப், டுபிலுமாப் மாதிரி ஊசிகள் என்று வேறு பாதை இருக்கிறது.

#19 இரவுப்பறவை

நாலு மாதம் கழித்து வருகிறேன். இழையைத் தொங்கலில் விட்டுப்போனதற்கு மன்னிக்கவும்.

43 நாள் கதையை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பெட்டியைப் பிரிக்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று என்றார். 8 வாரம் பழைய இன்ஹேலரை மட்டும் சரியாக இழுக்கச் சொன்னார், மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தார். பீக் ஃப்ளோ, அதாவது ஊதும் மூச்சின் உச்ச வேகம், 290-லிருந்து 340-க்கு வந்தது. 3 மணி இருமல் வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்தது. ஆஸ்துமா எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்கும் 25 மதிப்பெண் கேள்வித்தாளில் 13-ல் இருந்தவள் 18 வாங்கினேன். 20 வந்தால்தான் கட்டுக்குள் என்கிறார்கள், அதுதான் வரவில்லை. ஸ்பைரோமெட்ரியும் இன்னும் இறக்கத்தில்தான்.

அதற்குப் பிறகுதான் டயோட்ரோபியம் தொடங்கினேன், இப்போது 9-வது வாரம். பீக் ஃப்ளோ 365. மதிப்பெண் 20. நீலம் வாரத்தில் ஒரு தடவை, சில வாரம் அதுவும் இல்லை. வாய் காய்கிறது, குரல் காலையில் கொஞ்சம் கரகரக்கிறது. வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்போம், பலன் இல்லையென்றால் நிறுத்துவோம் என்றார்.

@கணக்குப்புலி, என் கணக்கு இது: 75 ஏறியதில் 50 இழுப்பைத் திருத்தியதில் வந்தது, 25 புது மருந்தில். இயோசினோஃபிலும் பார்த்தார்கள், கூடுதலாக இல்லை.

#20 கணக்குப்புலி

ஒரே ஆளை வைத்து ஆய்வு எழுதக் கூடாது. ஆனாலும் மனைவியிடம் காட்டப் போகிறேன்.

#21 நீலம்மட்டும்

நானும் சொல்லிவிடுகிறேன். போனேன். இப்போது ஸ்டீராய்டு சேர்ந்த ஒன்றையே தினமும், இளைத்தாலும் அதையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீலம் அலமாரியில் தூசி பிடிக்கிறது. பேரை மாற்ற இங்கே வழி உண்டா?

#22 ஊதுங்க_ஊதுங்க

பேர் இருக்கட்டும், அடையாளமாக. @இரவுப்பறவை, ரெஸ்பிமேட்டில் குறி சிவப்புப் பகுதிக்கு வந்துவிட்டதா பாருங்கள். வந்தால் ஒரு வாரத்துக்குத்தான் மருந்து இருக்கும், அடுத்ததை வாங்கி வையுங்கள்.

#23 இரவுப்பறவை

நேற்றே வந்துவிட்டது, வாங்கியும் ஆயிற்று. பவுடர் இன்ஹேலர் இந்த முறை 31 நாளில் தீர்ந்தது. ஒரு ராத்திரி தூங்கிவிட்டேன்.